சித்திரைக்காரிக்குக் கிடைச்ச கல்லு

அந்தக் காலத்துல கல்லுக்கெல்லாம் காலும் இருந்துச்சு, வாயும் இருந்துச்சு. ஒரு மலை மேல, ஒரே குகையில, எல்லாக் கல்லும் கூட்டுக் குடும்பமா குடியிருந்துச்சுங்க. மாணிக்கம், மரகதம், நீலம், கோமேதகம், பவளம். முத்தும் பவளமும் மட்டும் கடல்ல பொறந்தது, ஆனா மலைக்கு வாக்கப்பட்டு வந்த மாதிரி அதுங்களும் அங்கயேதான் இருந்துச்சுங்க.

அதுங்களுக்கு ஒரே ஒரு வேலைதான். ஊருக்குள்ள எந்த வீட்டுல குழந்தை பொறந்தாலும், அந்த மாசத்துக்கான கல்லு மலையை விட்டு இறங்கி, நடந்து வந்து, குழந்தையோட காதுப்பக்கம் உக்காந்து, ஒரு பேரைச் சொல்லிட்டுப் போகும். ஆடியில பொறந்தா மாணிக்கம் வரும். வைகாசின்னா மரகதம். ஆனிக்கு முத்து, புரட்டாசிக்கு நீலம், தைக்குக் கோமேதகம், இப்படி. கல்லு சொன்ன பேரு காதுல போய் ஒட்டிக்கும். அப்புறம் ஆயுசுக்கும் அதுதான் பேரு.

ஏன், மனுஷங்களே ஒரு பேரு வச்சா ஆகாதான்னு கேக்கலாம். வச்சுப் பாக்காமலா இருப்பாங்க. காலையில வச்ச பேரு சாயங்காலம் வச்சவனுக்கே ஞாபகம் இருக்காது. கல்லு சொன்னாத்தான் நிக்கும். அதுவும் பொறந்த மாசம் முடியறதுக்குள்ள சொல்லணும். மாசம் தாண்டிருச்சுன்னா பேரு நுழையுற வழி மூடிக்கும், அவ்வளவுதான்.

இதுல சித்திரை மாசத்துக்கு மட்டும் கல்லு கிடையாது. சித்திரை வெயில் தெரியும்ல. மலைப்பாறை தோசைக்கல்லு மாதிரி காயும். எந்தக் கல்லும் குகையை விட்டு வெளிய தலை நீட்டாது. அதனால சித்திரையில பொறந்த யாருக்கும் பேரு இல்ல. பொம்பளைன்னா சித்திரைக்காரி, ஆம்பளைன்னா சித்திரைக்காரன்.

கருவேலம்பட்டின்னு ஒரு ஊரு. அங்க ஒரே தெருவுல மூணு சித்திரைக்காரி. அதுல ஒருத்தி புதுசா கல்யாணமாகி வந்தவ. அவ புருஷன் சங்கையா ஒரு நாள் வரப்புல நின்னுக்கிட்டு, "ஏ சித்திரைக்காரி, கஞ்சி கொண்டா"ன்னு கூப்பிட்டான். மூணு பேரும் மூணு கலயத்தோட வந்து நின்னாங்க. வந்தவங்களைத் திருப்பி அனுப்ப முடியுமா? மூணு கலயத்தையும் குடிச்சுட்டு சாயங்காலம் வரைக்கும் வேப்பமரத்தடியில மல்லாந்து கிடந்தான்.

ஊரே சிரிச்சுச்சு. அவளும் சிரிச்சா. ஆனா உள்ளுக்குள்ள ஒண்ணு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. சின்னப் பிள்ளையா இருக்கும்போது ஒரு திருவிழாக் கூட்டத்துல அவ காணாமப் போனா. அவ அம்மா "சித்திரைக்காரி, சித்திரைக்காரி"ன்னு கத்திக்கிட்டே ஓடுனா. கூட்டத்துல பாதி திரும்பிச்சு. இவளுக்கும் கேட்டுச்சுதான். வேற யாரையோ யாரோ கூப்பிடுறாங்கன்னு நினைச்சு, மிட்டாய்க் கடைப் பந்தலுக்கு அடியில பேசாம உக்காந்திருந்தா. பந்தலைப் பிரிக்கும்போதுதான் அம்மா கண்ணுல பட்டா.

இப்ப அவ முழுகாம இருந்தா. மாமியார் வடிவாத்தா விரலை மடக்கி எண்ணிப் பாத்தாங்க. எண்ணி முடிச்சதும் முகம் மாறிருச்சு.

"ஏத்தா, கணக்கு சித்திரைக்கு வருதே. அப்படின்னா ஆடியில தரிச்சிருக்கணும். ஆடிக்குத்தான் உன்னை உங்க அம்மா வீட்டுக்கு அனுப்பி வச்சேனே."

புதுசா கல்யாணமானவங்களை ஆடியில பிரிச்சு வைக்கிறதே சித்திரையில பிள்ளை பொறக்கக் கூடாதுன்னுதான். மருமக தரையைப் பாத்தா. வடிவாத்தா மகனைப் பாத்தாங்க.

"ஆடிக் காத்துல என் துண்டு பறந்துபோச்சும்மா"ன்னான் சங்கையா. "அதைத் தேடிட்டுப் போனேன்."

"எதுவரைக்கும் போச்சு துண்டு?"

"அவங்க ஊரு வரைக்கும் போச்சு."

"கிடைச்சுதா?"

"கிடைச்சுதும்மா."

"நல்லாத்தான் கிடைச்சிருக்கு"ன்னு சொல்லிட்டு வடிவாத்தா அடுப்படிக்குப் போயிட்டாங்க. போனவங்க ஒரு சட்டியைக் கொஞ்சம் பலமாவே வச்சாங்க.

சித்திரைக்காரி அன்னிக்கே முடிவு பண்ணிட்டா. என் பிள்ளை கூட்டத்துல தொலைஞ்சா, கூப்பிட்டதும் அது மட்டும் திரும்பணும். மத்தவங்க யாரும் திரும்பக் கூடாது. எப்பாடுபட்டாவது ஒரு கல்லைக் கூட்டிட்டு வரணும்.

மாசி வெயில்ல வடாம் பிழிஞ்சு காயப் போட்டிருந்தா. வழக்கம்போல ஒரு காக்கா வந்து, தலையைச் சாய்ச்சுக்கிட்டு, வடாமையும் அவளையும் மாத்தி மாத்திப் பாத்துச்சு. அவ கையில கம்பு இருந்துச்சு, ஆனா ஓங்கல.

"ஏ காக்கா, கல்லுங்க இருக்கிற குகை உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன தாயி. பவளத்தைப் பழம்னு நினைச்சு ஒரு தடவை கொத்தியிருக்கேன். அலகு வலி ஒரு வாரம் இருந்துச்சு."

"வழி காட்டுனா இந்த ஓரத்து வரிசை பூரா உனக்கு."

"ஓரத்து வரிசையில உப்பு கம்மி. நடு வரிசை."

"தின்னு பாத்துட்டியா அதுக்குள்ள?"

"தின்னு பாக்காம விலை பேசுற பழக்கம் எங்க குடும்பத்துலயே இல்ல தாயி."

நடு வரிசைக்கே பேசி முடிச்சாங்க. மறுநாள் விடிஞ்சதும் அவ வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நடந்தா, காக்கா மேல பறந்துச்சு. உச்சிக்கு முன்னாடி குகைக்குப் போய்ச் சேந்தாங்க.

குகைக்குள்ள போனதும் கண்ணு கூசிப் போச்சு அவளுக்கு. சேப்பு, பச்சை, நீலம், மஞ்சள்னு ஒரே ஜொலிப்பு. விஷயத்தைச் சொன்னா. கல்லுங்க எல்லாம் ஒண்ணையொண்ணு பாத்துக்கிச்சு.

"எனக்கு ஏற்கெனவே உள்ளுக்குள்ள விரிசல் தாயி"ன்னுச்சு மரகதம். "சித்திரை வெயில் பட்டா சுக்கல் சுக்கலாப் போயிருவேன்."

முத்து, "வேர்வை பட்டாலே எனக்கு மேனி மங்கிரும்"னு முகத்தை மூடிக்கிச்சு.

நீலம் கொஞ்சம் யோசிச்சுச்சு. "நான் வேணா வரேன். ஆனா நான் வந்தா ஒண்ணு வீடு உச்சிக்குப் போகும், இல்ல கூரை கீழ வரும். எதுன்னு எனக்கே தெரியாது."

"நீ இரு சாமி, வேண்டாம்"னா அவ அவசரமா.

மாணிக்கம்தான் அங்க பெரிய மனுஷன். தொண்டையைச் செருமிக்கிச்சு. "என் மாசம் ஆடி. பிள்ளையை ஆடி வரைக்கும் தள்ளிப் போட முடியாதா?"

"பிள்ளை என்ன வடாமா, இன்னும் கொஞ்சம் காயட்டும்னு விட்டு வைக்க?"

காக்கா சிரிச்சிருச்சு. மாணிக்கம் சிரிக்கல. சித்திரைக்காரி திரும்பி நடக்கப் போனா. அப்பதான் குகையோட மூலையில இருந்து ஒரு குரல் வந்துச்சு.

"அக்கா, நான் வரேன்."

பாத்தா, படிகாரக் கட்டி மாதிரி ஒண்ணு. நிறம் கிடையாது, பளபளப்பு கிடையாது. மேல எறும்பு வேற ஊருது, கல்கண்டுன்னு நினைச்சு.

"அதுகிட்டப் போகாதே"ன்னுச்சு மாணிக்கம். "பேருக்குத்தான் வைரம். கல்லோட சேத்தியே இல்ல. பக்கத்துல உக்காந்தா கீறி விடும். வாயும் நீளம்."

"இடிச்சுக்கிட்டு வந்து உக்காந்தா கீறத்தான் செய்யும்"னுச்சு வைரம். "அக்கா, என்னைத் தொட்டுப் பாருங்க."

தொட்டா. பானைத் தண்ணியில கைய விட்ட மாதிரி ஜில்லுன்னு இருந்துச்சு.

"எந்த வெயில்ல போட்டாலும் நான் இப்படித்தான் இருப்பேன். சித்திரை என்னை ஒண்ணும் பண்ணாது."

"உனக்குப் பேரு சொல்லத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் எதுக்கு வரேங்கிற?"

"என்னை யாரும் கேட்டதே இல்லக்கா. கேட்டா வருமா வராதான்னு பாக்கலாம். எடுத்ததும் முடிவு பண்ண வேண்டாம். வீட்டுக்குக் கொண்டு போய்க் கொஞ்ச நாள் வச்சுப் பாருங்க. எனக்கு வீடு பிடிக்கணும், வீட்டுக்கு என்னைப் பிடிக்கணும். ஒத்து வரலைன்னா திரும்பி வந்துர்றேன். மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டேன்."

அவளுக்கு அந்தப் பேச்சு பிடிச்சுப் போச்சு. இடுப்புச் சேலையில முடிஞ்சுக்கிட்டா. ரெண்டு எட்டு வைக்கிறதுக்குள்ள சேலையைக் கிழிச்சுக்கிட்டு வெளிய விழுந்துச்சு. கடைசியில காக்காதான் கால்ல இறுக்கிப் பிடிச்சுத் தூக்கிட்டு வந்துச்சு. இறுக்குன இறுக்குல வைரத்து மேல மயிரிழை மாதிரி ஒரு கோடு விழுந்துருச்சு, காக்கா காலோட தடம் மாதிரியே.

"கல்லைக் கொண்டாரேன்னு போனவ கல்கண்டைக் கொண்டாந்திருக்கா"ன்னாங்க வடிவாத்தா.

"வணக்கம் ஆத்தா"ன்னுச்சு வைரம். "ஒரு சந்தேகம். மோர்ல தண்ணி ஊத்துனீங்களா, தண்ணியில மோரு ஊத்துனீங்களா?"

சங்கையா சாப்பிட்டுக்கிட்டிருந்தவன் புரையேறிச் சிரிச்சான். அவனுக்கு மறுசோறு கிடைக்கல.

அப்படியே நாள் ஓடுச்சு. அந்த வீட்டுல வைரம் பேசாத பேச்சு இல்ல. முருங்கைக்கீரையில மண்ணு இருக்குங்கும். துண்டு பறந்த கதையை இந்த வீட்டுல காளைமாடு மட்டும்தான் நம்புச்சுங்கும். வடிவாத்தா அதைத் திட்டாத நேரமில்ல. ஆனா அடுப்பு வேலை முடிஞ்சு உக்காந்ததும், "எங்க அந்த வாயாடி"ன்னு தேடுறதும் அவங்கதான். கையில வச்சுக்கிட்டா உள்ளங்கைச் சூடெல்லாம் இறங்கிரும்.

சித்திரை பொறந்துச்சு. குழந்தையும் பொறந்துச்சு, பொம்பளைப் பிள்ளை. சங்கையா ஓடிப்போய் வைரத்தை எடுத்துட்டு வந்து குழந்தையோட காதுப்பக்கம் வச்சான்.

வைரம் குழந்தையைப் பாத்துச்சு. வாயைத் திறந்துச்சு. ஒண்ணும் வரல. அவ்வளவு நாள் ஓயாம பேசுன கல்லு, ஊமை மாதிரி இருந்துச்சு.

மறுநாளும் வரல. அதுக்கு மறுநாளும் வரல. எதிர் வீட்டுச் செவத்தா பங்குனியில பொறந்தவ, பவளமே நேர்ல வந்து பேரு சொன்னவ. "கல்லு ஊரு வம்பெல்லாம் பேசுது, பேரை மட்டும் பேச மாட்டேங்குதே"ன்னு வாசல்ல நின்னு கேட்டுட்டுப் போனா. மலையில இருந்து வேற எந்தக் கல்லும் எட்டிப் பாக்கல.

வைரம் தொட்டிலை விட்டு நகரல. வெயில் ஏற ஏற குழந்தை வீறிட்டு அழும். வைரம் நகர்ந்து போய்க் கன்னத்துப் பக்கம் ஒட்டி உக்காரும். அந்தக் குளிர்ச்சியில அழுகை நிக்கும். இப்படியே சித்திரை தேய்ஞ்சு தேய்ஞ்சு கடைசி நாளும் வந்துருச்சு.

அன்னிக்கு உச்சிவேளை. சித்திரைக்காரி தொட்டிலாட்டிக்கிட்டே வைரத்தைப் பாத்தா. "இன்னிக்குப் பொழுது சாஞ்சா இவளுக்கும் என் கதிதான்."

"அக்கா, பேரு எனக்குத் தெரியும்."

அவ தொட்டிலை நிறுத்திட்டா.

"பொறந்த அன்னிக்கே தெரியும். ஆனா அது வாயில இல்ல, ரொம்ப உள்ளுக்குள்ள இருக்கு. வம்பெல்லாம் மேலாப்புலயே கிடக்கு, அதனால வந்துருது. இது வரணும்னா என்னை உடைக்கணும்."

"உடைச்சா நீ இருப்பியா?"

"இருப்பேன். பேசுவேனான்னுதான் தெரியல."

"அப்ப வேண்டாம்."

"நான் அடிக்கிறேன்"னு வடிவாத்தா உலக்கையோட வந்துட்டாங்க. மோர் விஷயம் இன்னும் மனசுல இருந்திருக்கும்போல. அம்மி மேல வைரத்தை வச்சு, சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு, ஓங்கிப் போட்டாங்க. வைரம் அசையல. அம்மியில குழி விழுந்துச்சு. மறுபடி போட்டாங்க. இன்னொரு குழி.

"ஆத்தா, அப்படியே வரிசையா போடுங்க"ன்னுச்சு வைரம். "அம்மி கொத்துறவனைக் கூப்பிட வேண்டியதில்ல."

வடிவாத்தாவுக்கே சிரிப்பு வந்துருச்சு. உலக்கையைச் சாத்தி வச்சுட்டு மூச்சு வாங்க உக்காந்தாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு மெதுவா, "இது பேசலைன்னா வீடு வெறிச்சுன்னு போயிரும்டி"ன்னாங்க.

வெளிய நிழல் நீண்டுக்கிட்டே போச்சு.

"பலம் வேண்டாம்க்கா, இடம்தான் வேணும்"னுச்சு வைரம். "தினமும் என்னைத் துடைச்சு வச்சது நீங்கதான். எங்க தட்டணும்னு உங்களுக்குத் தெரியும். அந்தக் குகையில எல்லாரும் என்னைக் கல்லே இல்லைன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் வீட்டுக்குக் கூப்பிட்டீங்க. வந்த வேலையைச் செய்யாம நான் திரும்பிப் போகணுமா?"

சித்திரைக்காரி குழந்தையைப் பாத்தா. அவளுக்கு மிட்டாய்க் கடைப் பந்தல் ஞாபகம் வந்துச்சு. வெத்தலைத் தட்டுல இருந்து பாக்குவெட்டியை எடுத்தா. வைரத்தை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டு, அந்த மயிரிழைக் கோடு மேல பாக்குவெட்டி முனையை வச்சு, அதோட தலையில லேசா ஒரு தட்டுத் தட்டினா. குழந்தை முதுகுல தட்டுற மாதிரி, அவ்வளவுதான்.

டிக்குன்னு ஒரு சத்தம். வைரம் ரெண்டா பிளந்துச்சு. சுத்திச் சில்லு சிதறி, ஜன்னல் தாண்டித் தெரு வரைக்கும் பறந்துச்சு.

ஜன்னல் வழியா வந்த சித்திரை வெயில் பிளந்த முகத்துல பட்டுச்சு பாருங்க. வீடே கலர் கலரா ஆயிருச்சு. சுவத்துல மாணிக்கச் சேப்பு, பானையில மரகதப் பச்சை, வடிவாத்தாவோட வெள்ளைச் சேலையில நீலமும் மஞ்சளும் ஓடுது. ஒரு நிறமும் இல்லைன்னு ஒதுக்கி வச்ச கல்லுக்குள்ள அத்தனை நிறமும் இருந்திருக்கு.

அவ ஒரு பாதியை எடுத்துக் குழந்தை காதுல வச்சா. ரொம்ப மெல்லிசா, ஆனா எல்லாருக்கும் கேக்குற மாதிரி வந்துச்சு.

"சுடர்க்கொடி."

குழந்தை தலையைத் திருப்பிப் பாத்துச்சு.

அவளுக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு. இன்னொரு பாதி கையிலயே இருந்துச்சு. அந்தக் கையாலேயே கன்னத்தைத் துடைச்சா. அதோட கூர்முனை காதுமடல்ல சுருக்குன்னு இறங்கிருச்சு. ஒரு பொட்டு ரத்தம். எத்தனையோ வருஷமா மூடிக் கிடந்த வழியை அது ஒரே குத்துல திறந்துருச்சு. உள்ள அந்தப் பழகுன குரல் கேட்டுச்சு.

"வெயிலாள் அக்கா."

அந்தப் பாதி கடைசியாப் பேசுனது அதுதான். அவ கல்லை எடுத்துப் பாத்து, "டேய், இன்னொரு தடவை சொல்லு"ன்னா. வெளிச்சம் மட்டும் துள்ளுச்சு. இந்தப் பக்கம் திருப்புனா பச்சை, அந்தப் பக்கம் திருப்புனா சேப்பு. பேச்செல்லாம் அப்படியே ஜொலிப்பா மாறிப் போச்சு.

"வாய் அடங்குனாலும் ஆட்டம் அடங்கல பாரு"ன்னாங்க வடிவாத்தா, மூக்கை உறிஞ்சிக்கிட்டே.

சிதறுன சில்லு தெருவெல்லாம் கிடந்துச்சு. மத்த ரெண்டு சித்திரைக்காரிங்களும், மேலத்தெருச் சித்திரைக்காரரும் ஓடி வந்து ஆளுக்கொண்ணு பொறுக்கி, காதைக் குத்திக்கிட்டாங்க. ஆளாளுக்குத் தன் பேரு கேட்டுச்சு. அந்த மேலத்தெருக்காரருக்குத் தலை நரைச்சுப் போச்சு. அவர் தன் பேரைத் தானே சொல்லிக்கிட்டுத் தெருக்கோடிக்கும் வீட்டுக்குமா நடந்தாரு. காக்கா கூரை மேல உக்காந்து, "அந்தக் கோடு நான் போட்டது"ன்னு போற வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டிருந்துச்சு.

மறுநாள் சங்கையா வரப்புல நின்னு, "வெயிலாள், கஞ்சி கொண்டா"ன்னு கூப்பிட்டான். ஒரே ஒருத்திதான் திரும்பினா. திரும்பும்போது அவ காதுல தோடா மாட்டியிருந்த பாதிக் கல்லு பளிச்சுன்னு அடிச்சுச்சு, அவ்வளவு தூரத்துல இருந்தும் அவனுக்குத் தெரிஞ்சுச்சு. கலயம் ஒண்ணுதான் வந்துச்சு. அதுல மட்டும் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்.

மலை மேல இருந்த கல்லுங்களும் அந்த வெளிச்சத்தைப் பாத்துச்சுங்க. மாணிக்கம் மெல்ல இறங்கி வந்து, "அந்தச் சில்லால எனக்கும் ஒரு பட்டை தீட்டி விட முடியுமா"ன்னு கேட்டுச்சாம். சுடர்க்கொடி வளந்து கல்யாணமாகிப் போகும்போது வெயிலாள் தன் காதுல இருந்த பாதியைக் கழட்டி மக காதுல போட்டு, அவகிட்ட இருந்த பாதியோட ஜோடி சேத்தா. "என் பேரு காதுக்குப் பழகிருச்சு, இனி எனக்குக் கல்லு வேண்டாம்"னா.

சித்திரைக்கு வைரம்னு ஆனது அப்படித்தான். அம்மாவோட வைரத்தோடு மகளுக்குப் போறதும், வைரம் வாங்குறவங்க எடுத்ததும் முடிவு பண்ணாம வீட்டுக்குக் கொண்டு போய், கொஞ்ச நாள் வச்சு, ஒத்து வருதான்னு பாக்குறதும், உள்ள மெல்லிசா ஒரு தடம் தெரிஞ்சா அதைக் காக்காய்க்கால்னு சொல்றதும் அந்த வீட்டுல இருந்து வந்த பழக்கம்தான்.

அப்புறம் ஒண்ணு. எவ்வளவு பெரிய கூட்டமா இருந்தாலும் சரி, வைரத்தோடு போட்ட ஒருத்தியைப் பேரு சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்க. அவ திரும்புவா. அவ வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி காதுல இருக்கிற கல்லு பளிச்சுன்னு ஒரு தடவை அடிக்கும், 'இவதான், நீங்க தேடுன ஆளு இவதான்'னு சொல்ற மாதிரி. பாக்குவெட்டியால வெயிலாள் மெதுவா ஒரு தட்டுத் தட்டினாளே, அன்னிக்கு ஆரம்பிச்சதுதான் இது.